ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து ஹூஸ்டனுக்கு வரும் உறவினர்களை பியர்லண்ட் மீனாட்சி கோயிலுக்கோ மருத்துவ மையப் பகுதிக்கோ அழைத்துச் செல்லும்போது, வழியில் தெரியும் ஒரு பெரிய சாம்பல் நிறக் குவிமாடத்தைப் பற்றி யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. அந்தக் கேள்விகளையும், இங்கேயே பல ஆண்டுகளாக வாழ்பவர்கள் எழுப்பும் ஐயங்களையும் அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

அந்த உருண்டைக் கட்டடம் என்ன? ஏன் பூட்டியே கிடக்கிறது?

அது ஆஸ்ட்ரோடோம் என்ற விளையாட்டரங்கம். 1965 ஏப்ரல் 9 அன்று திறக்கப்பட்டது. ஹாரிஸ் கவுண்டிக் குவிமாட அரங்கம் என்பதுதான் அதற்குத் தொடக்கத்தில் இட்ட அதிகாரப்பூர்வப் பெயர் (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி). ஆனால் அப்படி அழைத்தவர்கள் குறைவு. அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் மனிதப் பயண மையம் அப்போது ஹூஸ்டனில் அமைந்திருந்ததால், நகரத்தின் பேஸ்பால் அணி தன் பழைய பெயரைக் கைவிட்டு ‘ஆஸ்ட்ரோஸ்’ ஆனது. அரங்கமும் அந்தப் பெயரையே ஒட்டிக்கொண்டது.

பூட்டிக் கிடப்பதற்கான காரணம் நீண்டது. கடைசிக் கேள்விகளில் அதற்கு வருகிறேன்.

மைதானத்துக்கு எதற்குக் கூரை? நம் ஊரில் வெயிலிலேயே கிரிக்கெட் ஆடவில்லையா?

ஆடுகிறோம்தான். ஆனால் ஹூஸ்டனின் கோடை சென்னையின் மே மாதத்தை நினைவூட்டக்கூடியது. பேஸ்பால் பருவமோ ஏப்ரலில் தொடங்கிக் கோடை முழுவதும் நடக்கிறது. 1962 முதல் மூன்று பருவங்கள் அந்த அணி, குவிமாடம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, கூரையில்லாத ஒரு தற்காலிக மைதானத்தில் ஆடியது. வெப்பத்தையும் புழுக்கத்தையும்விட அங்கே கொசுத் தொல்லைதான் பெரும் பெயர் பெற்றிருந்தது. வளைகுடாக் கடற்கரையின் சதுப்பு நிலத்தில் எழுந்த ஊர் இது என்பதை எண்ணிப் பார்த்தால் அதில் வியப்பில்லை. திடீர் மழையும் அடிக்கடி ஆட்டத்தைக் குலைக்கும். எனவே பேஸ்பாலின் முதல்நிலைப் போட்டித் தொடரான ‘மேஜர் லீக்’கில் இடம் கேட்டபோதே, கூரையிட்ட அரங்கம் கட்டித் தருவோம் என்ற உறுதியை ஹூஸ்டன் தரப்பு முன்வைத்தது.

இதைக் கட்டியது ஒரு நீதிபதி என்கிறார்களே, உண்மையா?

ராய் ஹாஃப்ஹைன்ஸ் என்பவரை எல்லோரும் ‘ஜட்ஜ்’ என்றே அழைத்ததால் வந்த குழப்பம் இது. டெக்சாஸில் ‘கவுண்டி ஜட்ஜ்’ என்பது பெரும்பாலும் நிர்வாகப் பதவி. வாக்குப் பெற்று வரும் மாவட்டத் தலைவர் என்று புரிந்துகொள்ளலாம். ஹாஃப்ஹைன்ஸ் இளம் வயதிலேயே அப்பதவியை வகித்தவர். பின்னர் 1953 முதல் 1955 வரை ஹூஸ்டனின் மேயராகவும் இருந்தார். பழைய ரோமின் கொலோசியத்தில் வெயிலுக்குத் துணிப்பந்தல் இழுத்துக் கட்டிய செய்திதான் தனக்குக் கூரை எண்ணத்தைத் தந்தது என்று அவர் சொல்லி வந்தார். பிற்காலத்தில் அவர் அரங்கத்துக்கு உள்ளேயே ஒரு வீடு அமைத்துக் குடியிருந்தார். முடிதிருத்தும் அறையும் சிற்றாலயமும் பௌலிங் தடமும் கொண்ட வீடு அது.

பணம் அவருடையதா, மக்களுடையதா?

கட்டடம் மக்களுடையது. கவுண்டி நிர்வாகம் கடன் பத்திரங்கள் வெளியிட்டுப் பணம் திரட்டியது. அதற்கு வாக்காளர்களின் ஒப்புதல் தேவைப்பட்டது. 1961 ஜனவரியில் 22 மில்லியன் டாலருக்கும், அது போதாமல் 1962 டிசம்பரில் மேலும் 9.6 மில்லியன் டாலருக்கும் மக்கள் ஒப்புதல் தந்தனர். மொத்தச் செலவு ஏறத்தாழ 35 மில்லியன் டாலர். ஹாஃப்ஹைன்ஸின் நிறுவனம் அரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியது.

இதில் பலரும் அறியாத ஒரு பகுதி உண்டு. டெக்சாஸில் நிறப் பாகுபாடு அப்போது நடைமுறையில் இருந்தது. அரங்கத்தின் கதவுகளும் இருக்கைகளும் எல்லா இனத்தவருக்கும் ஒன்றுபோலத் திறந்திருக்க வேண்டும் என்ற உறுதியைப் பெற்ற பிறகே ஹூஸ்டனின் கறுப்பினத் தலைவர்கள் அந்தக் கடன் பத்திர வாக்கெடுப்பை ஆதரித்தனர். அவர்களின் வாக்கு இல்லாமல் கூரை எழுந்திருக்குமா என்பது ஐயமே. விண்வெளி, அதிசயம் என்றெல்லாம் விளம்பரம் செய்யப்பட்ட கட்டடத்தின் வரலாற்றில் எனக்கு முதன்மையாகத் தோன்றுவது இந்த உடன்பாடுதான்.

நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் அவ்வளவு பெரிய கூரை எப்படி நிற்கிறது? புயல் வந்தால்?

குவிமாடத்தின் வெளி விட்டம் 710 அடி. உட்புறம் தூணில்லாத இடைவெளி மட்டும் 642 அடி. ஆடுகளத்திலிருந்து உச்சிவரை 208 அடி, அதாவது பதினெட்டு மாடிக் கட்டடம் ஒன்றை உள்ளே நிறுத்திவிடலாம் என்று அன்றைய விளம்பரங்கள் பெருமையடித்தன. எஃகுச் சட்டங்களைச் சாய்சதுர வடிவில் ஒன்றோடொன்று பின்னி, கூடை முடைவதைப் போல, பாரத்தை எல்லாப் பக்கமும் பகிர்ந்தளிக்கும் ‘லமெல்லா’ என்னும் முறையில் கூரை அமைக்கப்பட்டது. கவிழ்த்த கூடையை மேலிருந்து அழுத்தினால் அதன் விளிம்பு வெளியே விரியப் பார்க்கும் அல்லவா? அப்படி விரியாதபடி அடியில் ஓர் எஃகு வளையம் இழுத்துப் பிடிக்கிறது. அந்த வளையம் சுற்றிலுமுள்ள தூண்களில் அமர்ந்திருக்கிறது. வெயிலில் எஃகு நீளும், குளிரில் சுருங்கும் என்பதால், கூரை சற்றே அசைந்துகொடுக்கும் வகையில் தூண்களுக்கு மூட்டுகளும் வைத்தார்கள்.

மணிக்கு 135 மைல் வேகத்தில் தொடர்ந்து வீசும் காற்றையும், 165 மைல் வேகத்தில் வரும் வீச்சையும் தாங்குமாறு இது வடிவமைக்கப்பட்டது. 1983 இல் அலிசியா புயலையும் 2008 இல் ஐக் புயலையும் தாண்டி நிற்கிறது. ஐக் புயலில் பக்கத்திலிருந்த புதிய அரங்கத்தின் கூரை கிழிந்தது என்பதை ஹூஸ்டனின் பழைய ஆட்கள் ஒருவிதத் திருப்தியோடு நினைவுகூர்வார்கள்.

அதை ஏசி போட்டுக் குளிர வைக்க முடியுமா?

முடிந்தது. நம் வீடுகளில் ஒன்று அல்லது ஒன்றரை டன் ஏசி மாட்டுகிறோம். இங்கே பொருத்தப்பட்டது 6,600 டன் குளிரூட்டும் திறன். உள்ளே 72 பாரன்ஹீட், அதாவது 22 செல்சியஸ் அளவில் வெப்பநிலையை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அரங்கத்துக்குள் புகைபிடிக்கத் தடையில்லாததால், காற்றை வடிகட்டித் தூய்மைப்படுத்துவதும் அந்த இயந்திரங்களின் வேலையாயிற்று.

உலகத்தின் முதல் கூரை போட்ட அரங்கம் இதுதானா?

இப்படிச் சொல்லும்போது சொற்களை அளந்து பயன்படுத்த வேண்டும். கூரையிட்ட அரங்குகள் முன்பே இருந்தன. பிட்ஸ்பர்க் நகரில் 1961 இல் திறந்து மூடும் எஃகுக் குவிமாடத்தோடு ஒரு உள்ளரங்கம் வந்துவிட்டது. ஆனால் பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து போன்ற பெருங்களம் தேவைப்படும் ஆட்டங்களை முழுவதுமாக மூடிய, குளிரூட்டிய ஒரே கூரையின்கீழ் பல்லாயிரம் பேர் பார்க்கும்படி அமைத்ததில் ஆஸ்ட்ரோடோமே முதலாவது. தொடக்கத்தில் பேஸ்பாலுக்கு 42,217 இருக்கைகள்.

அளவில் அது இன்று முதலிடத்தில் இல்லை. நியூ ஆர்லியன்ஸின் சூப்பர்டோம் 1975 இல் திறக்கப்பட்டபோது ஹூஸ்டனின் பெருமை குறைந்தது. 2014 இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் தேசிய அரங்கத்தின் குவிமாடம் 310 மீட்டர் அகலம் கொண்டது. ஆஸ்ட்ரோடோமின் வெளி விட்டமோ ஏறத்தாழ 216 மீட்டர்தான்.

‘எட்டாவது அதிசயம்’ என்று பெயர் வாங்க அப்படி என்ன இருந்தது?

பாதி கட்டடம், பாதி ஹாஃப்ஹைன்ஸின் விளம்பரத் திறமை. 1962 ஜனவரியில் நடந்த தொடக்க விழாவிலேயே மண்வெட்டிக்குப் பதிலாகக் கைத்துப்பாக்கிகளால் மண்ணில் சுட்டார்கள், அப்போது அணியின் பெயர் ‘கோல்ட் .45’ என்ற துப்பாக்கியின் பெயராக இருந்தது என்பதற்காக. ஆடுகளத்தைச் செப்பனிடும் ஊழியர்களுக்கு விண்வெளி வீரர்களின் உடையை மாட்டிவிட்டார்கள். 474 அடி நீளமுள்ள மின் பலகை ஒன்று, உள்ளூர் வீரர் பந்தைக் களத்துக்கு வெளியே அடிக்கும்போதெல்லாம் காளைகளையும் கௌபாய்களையும் வெடிகளையும் ஒளியால் வரைந்து காட்டியது. கூரைக்கு அடியில், களத்திலிருந்து மிகத் தொலைவில் இருந்ததால் யாரும் விரும்பாத மேல்வரிசையில் 53 தனியறைகளை அமைத்து, செல்வர்களுக்கு அதிக விலைக்கு விற்றார் ஹாஃப்ஹைன்ஸ். இன்று உலகின் எந்தப் பெரிய மைதானத்திலும் காணப்படும் சொகுசு அறை வணிகத்துக்கு வழிகாட்டியது இதுவே. அதிசயம் என்ற பட்டத்துக்கு இந்த விற்பனைச் சாமர்த்தியம்தான் கூடுதல் தகுதி என்பது என் கருத்து.

முதல் நாள் ஆட்டத்துக்கு அதிபர் லிண்டன் ஜான்சனே வந்திருந்தார். நியூயார்க் யாங்கீஸ் அணியின் மிக்கி மான்ட்டில் அங்கே முதல் ‘ஹோம் ரன்’, அதாவது கிரிக்கெட்டின் சிக்ஸர் போல எல்லையைத் தாண்டும் அடி, அடித்தார். ஆனால் ஆட்டத்தை 12 சுற்றுகளில் 2–1 என்று ஹூஸ்டன் வென்றது.

செயற்கைப் புல்லை இங்கேதான் கண்டுபிடித்தார்களா?

கண்டுபிடித்தது இங்கே அல்ல; பெயர் வாங்கியது இங்கே. மொன்சாண்டோ நிறுவனத்தார் உருவாக்கிய அந்த நைலான் விரிப்பு ‘கெம்கிராஸ்’ என்ற பெயரில் 1964 இலேயே ரோட் தீவு மாநிலத்தின் ஒரு பள்ளியில் விரிக்கப்பட்டிருந்தது. ஹூஸ்டனுக்கு வந்த பிறகே ‘ஆஸ்ட்ரோடர்ஃப்’ ஆனது.

அது வந்த கதைதான் சுவையானது. கூரையைக் கட்டியவர்கள் உள்ளே உண்மையான புல்லையே வளர்க்க நினைத்தார்கள். அதற்காகக் கூரையில் 4,596 ஒளிபுகும் அக்ரிலிக் பலகைகளைப் பதித்து, நிழலைத் தாங்கும் புல் வகையையும் தேடி நட்டார்கள். பகலில் பயிற்சி ஆட்டம் தொடங்கியதும் ஒரு விபரீதம் தெரிந்தது. உயரே எழும்பிய பந்தைப் பிடிக்க அண்ணாந்து பார்த்தவர்களுக்கு, எஃகுச் சட்டங்களின் நிழலும் பலகைகளின் கூசும் ஒளியும் கட்டம் கட்டமாகக் கலந்து பந்து மறைந்தே போயிற்று. கிரிக்கெட்டில் ‘ஹை கேட்ச்’ பிடிக்கப் போன ஆள் தலையைக் கையால் மறைத்துக்கொண்டு ஓடினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. நிறம் பூசிய பந்துகளைப் பயன்படுத்திப் பார்த்தார்கள், பயனில்லை. கடைசியில் பலகைகளின்மீது வெள்ளைச் சாயம் பூசினார்கள்.

பந்து தெரிந்தது, புல் செத்தது. மீதிப் பருவத்தைக் காய்ந்த புல்லிலும், பச்சைச் சாயம் தெளித்த மண்ணிலும் ஆடி முடித்தார்கள். 1966 ஏப்ரலில் உள்களத்தில் மட்டும் செயற்கைப் புல் விரிக்கப்பட்டது; அவ்வளவு பரப்புக்கும் போதிய விரிப்பு கைவசம் இல்லாததால் வெளிக்களம் ஜூலை வரை காத்திருந்தது. அதன்பின் திறந்தவெளி மைதானங்களும் அதையே விரிக்கத் தொடங்கின. கூரையின் குறையை மறைக்க வந்த பொருள், கூரையே தேவையில்லாத ஊர்களுக்கும் பரவியது.

பந்து கூரையில் பட்டால் என்ன ஆகும்?

கூரையைத் தொடும் அளவுக்கு யாரும் அடிக்க முடியாது என்ற எண்ணத்தில்தான் உயரத்தைக் கணக்கிட்டார்கள். ஆனால் கூரையிலிருந்து தொங்கிய ஒலிபெருக்கியை யாரும் கணக்கில் கொள்ளவில்லை. 1974 ஜூன் 10 அன்று பிலடெல்பியா அணியின் மைக் ஷ்மிட் அடித்த பந்து, எல்லையைத் தாண்டிப் போயிருக்க வேண்டியது, அந்த ஒலிபெருக்கியில் பட்டுக் களத்துக்குள்ளேயே விழுந்தது. விதிப்படி அது ஆட்டத்தில் உள்ள பந்து. நிச்சயமான ‘ஹோம் ரன்’ ஒரே ஒரு தளம் ஓடுவதோடு முடிந்தது.

பந்தைத் தவிர ஆளும் தொங்கியதுண்டு. 1965 ஏப்ரலில் நியூயார்க் மெட்ஸ் அணியின் வானொலி வர்ணனையாளர் லின்ட்சே நெல்சன், குவிமாட உச்சியிலிருந்து இறக்கிய கூண்டில் அமர்ந்து ஆட்டத்தை வர்ணித்தார். அவர்மீது பந்து பட்டாலும் ஆட்டம் தொடரும் என்பதே அன்றைய தீர்ப்பு.

கூரை இருந்தும் மழையால் ஆட்டம் நின்றதாமே, கட்டுக்கதையா?

கதை உண்மையே. 1976 ஜூன் 15 அன்று பெய்த பெருமழையில் ஊர் முழுவதும் வெள்ளம். இரு அணி வீரர்களும் முன்கூட்டியே உள்ளே வந்துவிட்டார்கள். களம் ஒரு சொட்டுக்கூட நனையவில்லை. ஆனால் நடுவர்களாலும் பெரும்பாலான பார்வையாளர்களாலும் வந்து சேர முடியவில்லை. ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது, சிக்கிக்கொண்டவர்கள் களத்திலேயே மேசை போட்டு இரவு உணவு சாப்பிட்டார்கள். கூரை களத்தைத்தான் காக்கும், சாலையை அல்ல என்பதை ஹூஸ்டனில் ஓரிரு ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் எவரும் அறிவார்கள்.

பேஸ்பால் தவிர வேறு என்னதான் நடந்தது உள்ளே?

பட்டியலாகச் சொன்னால் முடியாது; ஆகவே என் மனத்தில் நிற்பவற்றை மட்டும் சொல்கிறேன். குத்துச்சண்டையில் முகமது அலி 1966 நவம்பரில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸையும், 1967 பிப்ரவரியில் எர்னி டெரலையும் இங்கே வென்றார். 1968 ஜனவரி 20 அன்று, பெருங்களத்தின் நடுவே தனியாக ஒரு மரத்தளம் போட்டு, ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கும் லாஸ் ஏஞ்சலஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணிக்கும் கூடைப்பந்து ஆட்டம் நடந்தது. 52,693 பேர் பார்த்தார்கள். 47 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்த யுசிஎல்ஏ 71–69 என்று தோற்றது; எல்வின் ஹேஸ் மட்டும் 39 புள்ளிகள் எடுத்தார். கல்லூரிக் கூடைப்பந்துக்கு நாடு முழுவதும் தொலைக்காட்சிச் சந்தை இருக்கிறது என்று நிரூபித்த ஆட்டம் அது.

1973 செப்டம்பர் 20 அன்று நடந்த டென்னிஸ் ஆட்டத்தை நான் இன்னும் மேலே வைப்பேன். பெண்களின் ஆட்டம் தரம் குறைந்தது என்று சவால் விட்ட 55 வயது முன்னாள் சாம்பியன் பாபி ரிக்ஸை, பில்லி ஜீன் கிங் 6–4, 6–3, 6–3 என்று நேர் செட்களில் வென்றார். அரங்கில் 30,472 பேர், தொலைக்காட்சியில் கோடிக்கணக்கானோர். பெண் வீரர்களுக்குச் சமப் பரிசுத்தொகை கேட்ட இயக்கத்துக்கு அந்த மாலை பெரும் வலுவூட்டியது.

ஆண்டுதோறும் தவறாமல் வந்தது மாட்டுக் கண்காட்சியும் ரோடியோவும்தான்: 1966 முதல் 2002 வரை. வண்டி வண்டியாக மண்ணைக் கொட்டிக் களத்தை மூடி, காளை அடக்குதலும் குதிரைச் சவாரியும் நடத்துவார்கள். முடிவில் பாட்டுக் கச்சேரி. 1970 இல் எல்விஸ் பிரெஸ்லி பாடினார். 1995 பிப்ரவரி 26 அன்று, தான் கொல்லப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன், மெக்சிக்க அமெரிக்கப் பாடகி செலினா பாடிய கச்சேரிக்கு அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். ஹூஸ்டனின் மெக்சிக்க அமெரிக்கக் குடும்பங்களிடம் ஆஸ்ட்ரோடோம் என்றதும் முதலில் வரும் பெயர் அவருடையதே. 1992 இல் குடியரசுக் கட்சியின் தேசிய மாநாடு நடந்தபோது, பேஸ்பால் அணி தன் வீட்டை விட்டுவிட்டு 26 ஆட்டங்களை வெளியூர்களில் ஆட வேண்டியதாயிற்று.

பிரதமர் மோடி வந்த கூட்டம் இதில்தானே நடந்தது?

இல்லை. 2019 செப்டம்பரில் அந்தக் கூட்டம் நடந்தது பக்கத்திலுள்ள என்.ஆர்.ஜி. அரங்கத்தில். 2002 இல் ரிலையன்ட் அரங்கம் என்ற பெயரில் திறக்கப்பட்டு, கூரை திறந்து மூடும் வசதியோடு அமைந்தது அது. ஐக் புயலில் கூரை கிழிந்ததாக முன்பு சொன்னதும் அதுவே. ரோடியோவும் அமெரிக்கக் கால்பந்தும் இப்போது அங்கேதான்.

கத்ரீனா புயல் அகதிகள் இங்கே தங்கினார்களா, நியூ ஆர்லியன்ஸ் அரங்கத்திலா?

இரண்டிலும். 2005 ஆகஸ்ட் இறுதியில் கத்ரீனா தாக்கியபோது நியூ ஆர்லியன்ஸ் மக்கள் முதலில் தஞ்சம் புகுந்தது அங்கிருந்த சூப்பர்டோமில். அதன் கூரை சேதமடைந்து, மின்சாரமும் கழிவறை வசதியும் அற்றுப்போன நிலையில், பேருந்துகளில் ஹூஸ்டனுக்கு அழைத்து வரப்பட்டனர். பல்லாயிரம் பேர் ஆஸ்ட்ரோடோமின் தரையில் மடக்குக் கட்டில்களில் உறங்கினார்கள். மருத்துவமனை, குழந்தைகளைத் தேடும் பலகைகள், தனி அஞ்சல் குறியீடு என்று அது சில வாரங்கள் ஒரு சிற்றூராகவே இயங்கியது. அணிகள் எல்லாம் வெளியேறிவிட்டதால் காலியாக இருந்தது என்பதே அன்று அதன் பெரும் பயன்.

இவ்வளவு புகழ் இருந்தும் அணிகள் ஏன் விட்டுப் போயின?

ஒரே களத்தில் இரண்டு ஆட்டம் என்ற ஏற்பாட்டில் இரண்டுக்குமே முழு நிறைவு இல்லை. அமெரிக்கக் கால்பந்துக்காகக் கீழ் இருக்கைகளைத் தண்டவாளத்தில் நகர்த்தினாலும் பார்வைக் கோணம் ஒத்துவரவில்லை. ‘ஆயிலர்ஸ்’ கால்பந்து அணியின் உரிமையாளர் வேறு ஊருக்குப் போவேன் என்று மிரட்டியதால், 1980களின் பிற்பகுதியில் கவுண்டி 67 மில்லியன் டாலர் செலவழித்து 10,000 இருக்கைகள் சேர்த்தது. அந்த இடத்துக்காகப் புகழ்பெற்ற மின் பலகையைப் பிடுங்கி எறிந்தார்கள். அப்படியும் 1995 இல் ஓர் ஆட்டம், விரிப்பு ஆடத் தகுதியற்ற நிலையில் இருந்ததால் ரத்தானது. 1996 பருவத்தோடு அணி டென்னசிக்குப் போய்விட்டது. புல் சாகாமல் இருக்க வந்த விரிப்பு, அணி வெளியேறும் வேளையில் சாட்சியாக நின்றது. பேஸ்பால் அணி 1999 இறுதியில் நகரின் நடுப்பகுதிக்கு மாறியது.

2008 இல் தீயணைப்பு அதிகாரிகளின் ஆய்வில் பாதுகாப்புக் குறைகள் பல கண்டறியப்பட, பொதுமக்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. முதல் கேள்விக்கான விடை இதுதான்.

அப்படியானால் இடித்துவிட வேண்டியதுதானே?

இடிப்பதற்கும் மக்கள் பணம் வேண்டும், காப்பதற்கும் வேண்டும். 2013 நவம்பரில், 217 மில்லியன் டாலர் கடன் பத்திரத்தில் இதை மாநாட்டு மையமாக்கும் திட்டத்தை வாக்காளர்கள் ஏறக்குறைய 53 விழுக்காட்டினர் நிராகரித்தனர். கட்டும்போது ஆம் என்ற அதே கவுண்டி, காக்கும்போது இல்லை என்றது. ஆனால் 2014 இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டிலும், 2017 இல் மாநிலத் தொன்மைச் சின்னமாகவும் இடம்பெற்றதால், மாநில வரலாற்று ஆணையத்தின் அனுமதியில்லாமல் அதை இடிக்க இயலாது. 2018 இல், களத்தைத் தரைமட்டத்துக்கு உயர்த்தி அடியில் 1,400 வாகனங்கள் நிற்கும்படி செய்யும் 105 மில்லியன் டாலர் திட்டத்துக்குக் கவுண்டி ஒப்புதல் அளித்தது. பின்பு அதுவும் கிடப்பில் போடப்பட்டது.

உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?

வழக்கமான பார்வை நேரம் எதுவும் இல்லை. 2018 ஏப்ரல் 9 அன்று, 53 ஆவது பிறந்தநாளில், ஒரு மாலை மட்டும் மக்களை உள்ளே விட்டபோது பல்லாயிரம் பேர் வரிசையில் நின்றார்கள். வெளியிலிருந்து பார்க்க, மெட்ரோ ரயிலின் சிவப்புத் தடத்தில் ‘ஸ்டேடியம் பார்க்/ஆஸ்ட்ரோடோம்’ நிலையத்தில் இறங்கலாம். என்.ஆர்.ஜி. அரங்கத்தின் பக்கத்தில் அது குட்டையாகத் தெரிவதைக் கண்டு ஏமாற வேண்டாம். ஆடுகளம் தெருவுக்கு 25 அடி கீழே இருப்பதால், முன்பு சொன்ன 208 அடி உயரத்தில் ஒரு பகுதி மண்ணுக்கு அடியில் இருக்கிறது.